பூட்கேம்ப்புக்கு எப்போது பணம் கட்டலாம்?

(திரையில்: இரணியல் ரயில் நிலையம், விடியும் நேரம். முதுகுப் பையோடு நடைமேடையில் ஓர் இளைஞர்.)

ஒரு திங்கட்கிழமை காலையில் இரணியலில் ரயில் ஏறி, திருவனந்தபுரத்தில் 5 நாள் சிசிஎன்ஏ பூட்கேம்ப்புக்குப் போனேன். சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்; பூட்கேம்ப் என்பது சில நாளிலேயே முழுப் பாடத்தையும் ஓட்டிவிடும் பயிற்சி முகாம். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை வகுப்பு. அதற்கு முன் நெட்வொர்க்கிங் புத்தகம் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. "அங்கே எல்லாம் சொல்லித் தருவார்கள்" என்ற நம்பிக்கைதான். கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. முகாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தேர்வு எழுதினேன், தவறிவிட்டேன். வீட்டு வாசலில் அம்மா, "எப்படி மக்களே இருந்தது?" என்று கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

பயிற்றுநர் நன்றாகத்தான் நடத்தினார். நான் போன நேரம்தான் தவறு. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பல தம்பி தங்கைகள் இன்றும் இதே தவறைச் செய்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த வீடியோ. பாடத்திட்டம் முழுவதையும் ஒரு முறை சொந்தமாகப் படித்து முடித்தவர், தேர்வுக்கு ஓரிரு வாரம் முன்னால் போக வேண்டிய இடம் பூட்கேம்ப். ஏன் என்று பார்ப்போம்.

(திரையில்: வெள்ளைப் பலகை. 192.168.10.77 / 26)

இரண்டாம் நாள் காலை பயிற்றுநர் பலகையில் எழுதிய முகவரி இது. இந்தக் கணினி எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்று கேட்டார். கணக்கு இதுதான்: ஐபி முகவரியில் 32 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள். /26 என்றால் அவற்றில் முதல் 26 வலையமைப்பைக் குறிக்கும்; கணினிகளுக்கு மீதி 6. இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64. ஆகவே வலையமைப்புகள் 0, 64, 128, 192 என்று 64 எண்ணுக்கு ஒன்றாகத் தொடங்கும். 77 என்பது 64-க்கும் 128-க்கும் நடுவில் வருகிறது. வலையமைப்பு முகவரி 192.168.10.64, அந்த வலையமைப்பில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 192.168.10.127. இடையில் 65 முதல் 126 வரை, 62 கணினிகளுக்கு இடம்.

இப்போது நிதானமாகச் சொன்னதால் எளிதாகத் தெரிகிறது. அன்று முதன்முதலாகப் பார்த்த எனக்கு 6 நிமிடம் ஆனது. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே பலகை அழிக்கப்பட்டு அடுத்த பாடம் ஏறிவிட்டது. மறுநாள் ஓஎஸ்பிஎஃப்; வலையமைப்புகளை இணைக்கும் ரௌட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை. அதில் வைல்டுகார்டு மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி பொருந்த வேண்டும் என்று காட்டும் எண்) எழுத வேண்டும்; மேலே பார்த்த சப்நெட் கணக்கு கைக்கு வராதவரால் அதை எழுத முடியாது. நான்காம் நாள், எந்தத் தரவை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஆக்சஸ் லிஸ்ட். அதற்கும் அதே மாஸ்க். செவ்வாய்க்கிழமை விழுந்த ஓட்டை வெள்ளிக்கிழமைக்குள் கிணறாகிவிட்டது.

பயிற்றுநரைக் குறை சொல்ல முடியாது. 5 நாளில் அவர் கையில் இருப்பது சுமார் 40 மணி நேரம். சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் 6 பிரிவுகள். ஐபி கனெக்டிவிட்டி என்ற ஒரு பிரிவுக்கு மட்டும் தேர்வில் 25 விழுக்காடு. புதிதாக வந்தவருக்காக வண்டியை நிறுத்தினால் மற்றவர்களுக்குப் பாடம் முடியாது.

அதே வகுப்பில் என் பக்கத்தில் மார்த்தாண்டத்து அக்கா ஒருவர் இருந்தார். மூன்று மாதம் வீட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் சந்தேகங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. தீர்ந்தது ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் அவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது: "சார், இரண்டு ரௌட்டரிலும் ஓஎஸ்பிஎஃப் போட்டாயிற்று, பிங் போகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று அண்டை ரௌட்டராகச் சேர மாட்டேன் என்கிறதே?" பேக்கெட் டிரேசர் என்ற வலையமைப்புப் பயிற்சி மென்பொருளில் இரண்டு இரவு முட்டி மோதியிருக்கிறார். பயிற்றுநர் இரு ரௌட்டர்களின் இன்டர்பேஸ் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அண்டை ரௌட்டருக்கு எத்தனை விநாடிக்கு ஒரு முறை ஹலோ சொல்வது என்ற ஹலோ நேரம் ஒன்றில் 10 விநாடி, மற்றதில் 5. இந்த நேரம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் ஓஎஸ்பிஎஃப் உறவு பிறக்காது. இரண்டு இரவாக அவிழாத முடிச்சு 2 நிமிடத்தில் அவிழ்ந்தது.

அவரும் நானும் ஒரே கட்டணம்தான் கட்டியிருந்தோம்.

(திரையில்: நாள்காட்டி. முகாம் முடிந்த நாளிலிருந்து தேர்வு நாள் வரை கட்டங்கள் ஒவ்வொன்றாக மங்குகின்றன.)

என் இரண்டாவது தவறு அந்த இரண்டு மாத இடைவெளி. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. பொருள் புரிந்து படித்த பாடம் அவ்வளவு வேகமாக மறந்துவிடாதுதான். ஆனால் நான் போன மாதிரி போகிறவருக்கு முகாமில் காதில் விழும் பாதிச் சொற்கள் பொருளற்ற அசைகள்தாம்! முன்பே படித்தவருக்கு அதே வகுப்பு இரண்டாவது, மூன்றாவது நினைவூட்டலாக அமைகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நெடுநாள் நிற்கும்.

சரி, நான் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குலசேகரம் பக்கம் என் மாமாவுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. நட்டு 7 ஆண்டு ஆகிவிட்டது என்பதற்காக அவர் மரத்தில் கத்தி வைக்க மாட்டார். ஒட்டுக்கட்டிய இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றிப் பார்ப்பார். சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்திருந்தால்தான் பால்வெட்டு. அவசரப்பட்டு வெட்டினால் மரம் பருப்பது தடைப்படும், பாலும் குறையும்.

உங்களுக்கு அந்த நாடா, மாதிரித் தேர்வு. இதுவரை பார்க்காத கேள்விகள், கைக்கடிகாரம் எதிரே, 120 நிமிடம், நடுவில் எழுந்து தேநீர் போடக் கூடாது. சிசிஎன்ஏ தேர்வில் விடையளித்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. வீட்டிலும் அப்படியே எழுதுங்கள். இரண்டு வெவ்வேறு மாதிரித் தேர்வுகளில் 60 முதல் 75 விழுக்காடு வந்தால் முகாமுக்குச் சரியான பருவம் என்பது என் அனுபவக் கணக்கு. 60-க்குக் கீழே என்றால் இன்னும் படிக்க வேண்டியது இருக்கிறது, பணத்தைக் கட்டாதீர்கள். 85-ஐத் தாண்டிவிட்டால் முகாமே வேண்டாம். அந்தப் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: எங்கே சறுக்குகிறீர்கள் என்று உங்களால் பெயர் சொல்ல முடிகிறதா? "நெட்வொர்க்கிங் கஷ்டமாக இருக்கிறது" என்றால் போதாது. "ஸ்பானிங் ட்ரீயில் எந்த போர்ட் தடுக்கப்படும் என்பதில் தடுமாறுகிறேன்" என்று சொல்ல வர வேண்டும். அப்படி ஒரு பத்துக் கேள்விகள் நோட்டில் சேர்ந்திருந்தால் முகாமில் உங்கள் பணத்துக்கு முழு மதிப்பு கிடைக்கும்.

தேர்வுத் தேதியை முதலில் பதிவு செய்யுங்கள். முகாம் முடிந்து 7 முதல் 14 நாளுக்குள் தேர்வு வரும்படி, பின்னாலிருந்து எண்ணி முகாமைத் தேர்ந்தெடுங்கள். முகாமின் கடைசி நாளிலேயே தேர்வு வைக்கும் இடங்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. முகாமில் வெளிப்பட்ட பலவீனங்களைச் சரிசெய்ய ஒரு வாரமாவது வேண்டும். அலுவலகத்தில் பணம் கட்டி அனுப்புகிறார்கள், தேதி நம் கையில் இல்லை என்றால், அந்தத் தேதிக்கு ஏற்றபடி படிப்பை முன்கூட்டியே தொடங்குவதுதான் வழி.

எல்லாச் சான்றிதழுக்கும் இதே கணக்கு பொருந்தாது. திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வு எழுத விண்ணப்பிக்கவே 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சியைக் காட்ட வேண்டும். பலர் அதற்காகவே பூட்கேம்ப்புக்குப் போகிறார்கள். பயிற்சி, பிறகு விண்ணப்பம், ஒப்புதல், அதற்குப் பிறகுதான் தேர்வுத் தேதி. இடைவெளி தானாக வந்துவிடுகிறது. ஆகவே முகாமுக்கு முன்பே ஒரு முறை படித்துவிட்டு, அனுபவ விவரங்களையும் தயாராக எழுதி வைத்துக்கொண்டு போங்கள். முகாம் முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடலாம். ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏ வேறு வகை. 3 மணி நேரம் கணினியில் வேலையைச் செய்தே காட்ட வேண்டும். அங்கே முகாமைவிடத் தினமும் கட்டளைகளைத் தட்டிப் பழகிய விரல்கள்தாம் காப்பாற்றும்.

பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தின் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். கணினிப் பாதுகாப்புக்கான செக்யூரிட்டி பிளஸ் தேர்வின் 601 பதிப்பு 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டு, இப்போது 701 நடக்கிறது. பழைய பதிப்பின் புத்தகத்தை நீட்டும் முகாமுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். "தேர்வில் வந்த கேள்விகளே தருகிறோம்" என்பவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். அது தேர்வு விதிகளுக்கு எதிரானது. வாங்கிய சான்றிதழே ரத்தாகலாம்.

(திரையில்: மழையில் நனையும் தென்னந்தோப்பு, ஊசலாடும் மின்கம்பி.)

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு கவலை உண்டு. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அவ்வளவு வேண்டாம், ஒரு சாதாரண மழை இரவே ஆன்லைன் வகுப்பைக் கெடுத்துவிடும். ஆன்லைன் முகாம் என்றால் மழை ஓய்ந்த மாதத்தைப் பாருங்கள், அல்லது இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் உட்காருங்கள். தேர்வை வீட்டிலிருந்து எழுத வேண்டாம். திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே தேர்வு மையத்துக்கே போய்விடுங்கள்.

இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன். மூன்று மாதம், தினமும் ஒன்றரை மணி நேரம். வேலைக்குப் போகும் ரயிலில் இரணியலுக்கும் குழித்துறைக்கும் இடையில் சப்நெட் கணக்குகள். பாறசாலை வரும்போது விடை சரிபார்ப்பு. மாதிரித் தேர்வில் 71 வந்த பிறகு, வார இறுதி இரண்டு நாள் முகாம் ஒன்றுக்கு மட்டும் போனேன். 9 நாள் கழித்துத் தேர்வு. அடகில் இருந்த சங்கிலி அந்த ஆண்டு ஓணத்துக்கு முன் வீட்டுக்குத் திரும்பியது.

(திரையில்: மீண்டும் அதே பலகை. 172.16.5.200 / 27)

இதற்கு வலையமைப்பு முகவரியும் பிராட்காஸ்ட் முகவரியும் கண்டுபிடியுங்கள். 30 விநாடி தருகிறேன். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம்.

(திரையில்: 30 விநாடிக் கடிகாரம்.)

172.16.5.192. 172.16.5.223. நேரத்துக்குள் வந்துவிட்டால் இன்றே ஒரு முழு மாதிரித் தேர்வை எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால் முகாமுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. நாளையிலிருந்து தினமும் பத்துக் கணக்கு.