வலிக்கலம்மா, எரியுது

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் தாதியாக இருந்தவள் நான். இன்றைக்கு ஒரு பாட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வார்டில் மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் படுத்திருந்தார். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். பகல்நேரத் தாதி மலாயில் "சாக்கிட்?" என்று கேட்டார். பாட்டி இல்லையென்று தலையாட்டினார். வலி அட்டையில் மூன்று நாளும் 0 என்றே எழுதியிருந்தது. இரவு வேலைக்கு வந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, வலிக்குதா?" என்றேன். "வலிக்கலம்மா, எரியுது. மிளகாய் அரைச்ச கை பட்ட மாதிரி எரியுது" என்று விலாவின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். தோலில் ஒன்றுமே இல்லை. டாக்டரிடம் சொல்லி வைத்தேன். விடிந்தபோது அங்கே வரிசையாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அக்கி! கொப்புளம் தெரிவதற்குச் சில நாள் முன்பே நரம்பில் எரிச்சல் தொடங்கிவிடும். அன்று காலையே மருந்து கொடுத்துவிட்டோம்.

பாட்டி சொன்ன மிளகாயை நான் மறக்கவே இல்லை. சுடுகிற வெப்பமும் மிளகாயின் காரமும் நரம்பு நுனியில் ஒரே கதவைத்தான் திறக்கின்றன. சுமார் 43 டிகிரியில் திறக்கும் கதவு அது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சரி, இந்த எரிச்சலை மூளைக்குள் பார்க்க முடியுமா? முடியும். அப்படி ஓர் ஆய்வுக்கு நானே தன்னார்வலராகப் படுத்திருக்கிறேன். எம்ஆர்ஐ குழாய்க்குள் தலை, முன்கையில் தபால்தலை அளவுக்கு ஒரு சூட்டுத் தகடு. முதலில் இளஞ்சூடு, இதமாகக்கூட இருந்தது. அப்புறம் திடீரென்று சுள்ளென்று ஒரு குத்து, அது அடங்குவதற்குள் பின்னாலேயே மெதுவாக ஒரு காந்தல். இரண்டும் வேறு வேறு நரம்பிழைகளில் வருகின்றன. சுள்ளென்பதைக் கொண்டுவரும் இழையின் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். காந்தலைக் கொண்டுவருவது 2 மீட்டரைத் தாண்டாது. தோசைக்கல்லில் விரல் பட்டவர்களுக்கு இந்த இரண்டும் தெரியும்.

மூளையில் வேலை செய்யும் பகுதிக்குப் பிராணவாயு நிறைந்த ரத்தம் கூடுதலாக ஓடும். காந்தம் அந்த மாற்றத்தைப் பிடிக்கிறது. வலிக்கென்று தனி அறை ஒன்றும் மூளையில் கிடையாது. தலாமஸ், இன்சுலா, சிங்குலேட் என்று பல இடங்கள் ஒரே நேரத்தில் கிளர்கின்றன. 2013இல் அமெரிக்காவின் கொலராடோவில் டோர் வேகர் குழுவினர் 114 பேரை வைத்து இந்தக் கிளர்ச்சியில் ஒரு பொது வடிவத்தைக் கண்டார்கள். வந்தது வலிக்கும் சூடா, வெறும் இளஞ்சூடா என்பதை அந்த வடிவத்தை வைத்தே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொல்ல முடிந்தது. கடுமையான வலிமருந்து ஏற்றியபோது வடிவம் மங்கியது.

பெரிய சாதனைதான், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 114 பேரும் நல்ல உடம்புக்காரர்கள், அவர்களுக்கு வந்த வலியும் கைமேல் சில நொடிச் சூடுதான். பத்து வருடமாக இடுப்பைக் குடையும் வலி மூளையில் அதே வடிவத்தில் இருப்பதில்லை. அதனால்தான் வலி ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கத்தின் நிபுணர் குழு 2017இல், மூளைப் படத்தை நோயாளியின் வாய்ச்சொல்லுக்குப் பதிலாக வைக்கக்கூடாது என்றது. "ஸ்கேனில் ஒன்றுமில்லை, உங்களுக்கு வலியே இல்லை" என்று ஒருவரிடம் சொல்வது எனக்குப் பொறுக்காது.

வாய்ச்சொல் என்றால் பத்துக்கு எத்தனை வலி என்று சொல்லும் எண் மட்டுமல்ல. 1975இல் கனடாவின் ரோனால்ட் மெல்சாக் 78 வலிச் சொற்களைத் திரட்டி ஒரு கேள்வித்தாளே செய்தார். நம்மிடம் மட்டும் குறைவா? குத்துது, குடையுது, கடுக்குது, சுண்டி இழுக்குது, விண்விண்ணுனு தெறிக்குது. ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு துப்பு. பலதுறை மருந்தகத்தில் பாட்டிக்கு மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளைகளே, எல்லாவற்றையும் 'பெயின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள்.

பேசவே முடியாதவர்கள்? பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, 1980கள் வரை போதிய மயக்கமருந்தில்லாமல் அறுவை செய்த கொடுமை நடந்திருக்கிறது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத 10 குழந்தைகளின் உள்ளங்காலில் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். பெரியவர்களுக்குக் கிளரும் 20 மூளைப் பகுதிகளில் 18 அந்தக் குழந்தைகளுக்கும் கிளர்ந்தன. மூளையை அளந்ததால் கிடைத்த மிகப் பெரிய நன்மையாக நான் நினைப்பது இதைத்தான்.

மறதி நோய் முற்றியவர்களுக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. மூச்சு, முனகல், முகம், உடல், சமாதானமாகிறாரா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடுவோம். என் அத்தை தாதிமை இல்லத்தில் கடைசி வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது மட்டும் புருவம் சுருங்கும், கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். அங்கிருந்த இளம் தாதி அதைக் கவனித்து 4 என்று எழுதி, டாக்டரைக் கேட்டு, புரட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் பனடோல் கொடுக்க ஏற்பாடு செய்தார். மறுநாள் நான் போனபோது அத்தையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கை கம்பியைத் தேடவில்லை. போர்வைமேல் விரல்கள் விரிந்து கிடந்தன.