கடற்கரை ஊரில் ஸ்ட்ரீட் ஸ்டைல்: மூவாயிரம் ரூபாய்க்கு என்ன வாங்கலாம்?

சரி, அடுத்த கேள்வி. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்: “அண்ணே, நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ரீல்ஸில் வருகிற பையன்கள் மாதிரி ஓவர்சைஸ் டி-சர்ட், பேகி பேன்ட், ஷூ எல்லாம் போட ஆசை. கையில் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது. மதுரைக்குப் போய் வாங்கலாமா, ஆன்லைனில் போடலாமா? கூலிங் கிளாஸும் ஒன்று வேண்டும். போன தடவை வாங்கியது எல்லாம் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.”

தம்பி, கேள்வியிலேயே முக்கியமான விஷயம் கடைசி வரிதான். ஏன் தாங்கவில்லை? நீங்கள் பார்க்கிற ரீல்ஸ் எல்லாம் மும்பையிலோ டெல்லியிலோ, ஏசி போட்ட மாலுக்குள் எடுத்தது. நமக்கு இங்கே பாம்பன் காற்று, உப்பு, வெயில், போர் தண்ணீர் என்று நாலும் சேர்ந்து துணியைத் தின்கிறது. அதனால் எந்தக் கடை என்று நான் இப்போதே சொல்லப் போவதில்லை. எந்தத் துணி என்று முதலில் பார்ப்போம்.

டி-சர்ட்டில் இருந்து தொடங்குகிறேன். ஓவர்சைஸ் டி-சர்ட் என்றால் 240 ஜிஎஸ்எம் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 240 என்றால் கனமான துணி, விழுகிற அழகு நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் மே மாதம் அதைப் போட்டுக்கொண்டு மண்டபம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், தெரியும். நமக்கு 180 பக்கத்தில் போதும், முழுக் காட்டனாக இருக்க வேண்டும். காட்டன் நூல் சாதாரணமாகவே தன் எடையில் 8 சதவீதம் போல ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால்தான் பாலியஸ்டர் கலந்த பனியன் வியர்வையோடு முதுகில் ஒட்டிக்கொள்கிறது. “காட்டன் பிளெண்ட்” என்று மட்டும் போட்டு, எத்தனை சதவீதம் என்று சொல்லாமல் விற்கிற பீஸை வாங்காதீர்கள். சந்தேகமாக இருந்தால், வாங்கின பிறகு உள்தையலில் இருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்தால் காட்டன். உருகி, கறுத்த முத்து மாதிரி கெட்டியானால் பாலியஸ்டர்.

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியது மூன்று இடம். ஒன்று காலர் ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி வருகிற பட்டை. இரண்டு விரலால் இழுத்து விடுங்கள், உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். கொஞ்சம் தொய்ந்து நின்றால் நாலு துவையலில் கழுத்து தொங்கிவிடும். அடுத்தது, பின்கழுத்துக்கு உள்பக்கம் ஒரு தோளில் இருந்து மறு தோள் வரைக்கும் ஒரு பட்டை டேப் வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இருந்தால் தோள் நீளாது. மூன்றாவது பக்கவாட்டுத் தையல். தோளைப் பிடித்துச் சட்டையைத் தொங்கவிட்டால் பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். துணியை வீணாக்கக் கூடாது என்று கோணலாக வெட்டின பீஸில் அந்தத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வரும். துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும். இதை எந்த டெய்லராலும் சரி பண்ண முடியாது.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று விற்பது பெரும்பாலும் திருப்பூர் சரக்கு. அங்கே இருக்கிற காதர்பேட்டை மொத்தச் சந்தையில் இருந்து லாட் லாட்டாக ஊர் ஊராகப் போகும். ஆர்டருக்கு மேல் தைத்தது, ஏதோ சின்னக் குறையால் வெளிநாட்டு பையர் தள்ளியது, இப்படி வந்து சேருவதுதான். லேபிளைப் பாதியில் வெட்டியிருப்பார்கள். நல்ல துணி, குறைந்த விலை. இரண்டு எச்சரிக்கை மட்டும். வெளிநாட்டு ஆள்களின் அளவுக்குத் தைத்தது என்பதால் எல் என்று போட்டிருப்பது நமக்கு எக்ஸ்எல்லாக இருக்கும். அப்புறம், என்ன குறைக்காகத் தள்ளினார்கள் என்று வெளிச்சத்தில் பிடித்துத் தேடுங்கள். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, இரண்டு கையும் வேறு வேறு நீளம், ஏதாவது ஒன்று இருக்கும். கறை என்றால் பரவாயில்லை, ஓட்டை என்றால் வைத்துவிடுங்கள்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் இருக்கிற கடற்கரையில் கைலி கட்டாத வீடு உண்டா? அந்தக் கைலித் துணியிலேயே ஒரு சட்டை தையுங்கள். சிரிக்காதீர்கள். மெட்ராஸ் செக் என்று உலகம் முழுக்க விலை வைத்து விற்கிறார்களே, அது நம் கட்டம் போட்ட காட்டன்தான். 1960-களில் அமெரிக்காவில், துவைத்தால் சாயம் கசிகிற மெட்ராஸ் செக் சட்டையை, கசிவதுதான் அழகு என்று சொல்லியே விற்றார்கள். கல்லூரிப் பையன்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அதே கட்டம் உங்கள் அலமாரியில் மடித்துக் கிடக்கிறது.

எப்படிச் செய்வது? கீழக்கரையிலோ ராமநாதபுரம் சாலைத் தெருவிலோ மூட்டாத கைலியாகக் கேட்டு வாங்குங்கள். நல்ல காட்டன் கைலி முந்நூறு, முந்நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு மீட்டர் நீளம், நாலடிக்குக் கிட்டத்தட்ட அகலம். நடுத்தர உடம்புக்கு அரைக்கைச் சட்டை ஒன்று தாராளமாக வரும். முதலில் ஒரு ராத்திரி முழுக்க வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காய வையுங்கள். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது தைக்கிறதற்கு முன்பே சுருங்கிவிடும். இதைச் செய்யாமல் டெய்லரிடம் கொடுத்தால் தீபாவளிக்குத் தைத்த சட்டை பொங்கலுக்கு உங்கள் தம்பிக்குப் போய்விடும்.

டெய்லரிடம் “கியூபன் காலர்” என்று சொன்னால் சிலருக்குப் புரியாது, கோபமும் வரும். போனில் ஒரு படத்தைக் காட்டி இப்படிச் சொல்லுங்கள்: காலர் கழுத்தில் நிற்க வேண்டாம், திறந்து விரிந்து படுக்க வேண்டும், மேல் பட்டன் வேண்டாம், காலரை விறைப்பாக்க உள்ளே வைக்கிற பக்ரம் துணியைக் கெட்டியாக வைக்காமல் மெல்லியதாக வையுங்கள், அடிப்பக்கம் வளைவாக இல்லாமல் நேராக மடித்து, இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் ஓப்பன் விடுங்கள், மார்பு அளவுக்கு மேல் ஆறு இஞ்ச் லூஸ், கை முழங்கைக்குச் சற்று மேலே நிற்கட்டும். முக்கியமாக இன்னொன்று: முன்பக்கம் பட்டன் போட்டால் இடது வலது கட்டம் சேர வேண்டும், பாக்கெட்டிலும் சேர வேண்டும். கட்டம் சேர்ந்த சட்டையையும் சேராத சட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று மூவாயிரம் ரூபாய்ச் சட்டை மாதிரி இருக்கும், இன்னொன்று ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருக்கும். அதற்கு டெய்லர் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். கட்டம் சேர்த்து வெட்டுவது நேரம் பிடிக்கிற வேலை. தையல் கூலி நானூறு என்று வைத்தாலும் எழுநூற்றைம்பதுக்குள் ஊரில் இன்னொருவரிடம் இல்லாத சட்டை கையில் இருக்கும்.

பக்கத்தில் பரமக்குடி நெசவு ஊர்தான், ஆனால் அங்கே ஓடுவது பெரும்பாலும் சேலைத் தறி. கைத்தறிச் சட்டையே வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸ் பாருங்கள், தீபாவளி நேரத்தில் 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பார்கள்.

நிறம் பற்றிக் கொஞ்சம். எல்லாரும் கறுப்பு டி-சர்ட் கேட்கிறீர்கள். நம் வெயிலில் கறுப்பில்தான் வியர்வை உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போடும், வெளுப்பதும் பளிச்சென்று தெரியும். வெள்ளை, மணல் நிறம், வெளிர் நீலம், இல்லையென்றால் கட்டமோ பூப்போட்டதோ எடுங்கள். உப்புக் கோட்டை மறைப்பதில் கட்டத்தை மிஞ்ச ஆள் கிடையாது. கறுப்புதான் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, ராத்திரிக்கு. எதை வாங்கினாலும் உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டால் நுரை வராமல் சாம்பல் நிறப் பிசுக்கு துணியில் படியும், அதனால் டிடர்ஜென்ட் பவுடர் போடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் கிடைத்தால் துணியின் ஆயுள் கூடும். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, முடிந்தபோது செய்யுங்கள்.

பேன்ட். பேகி ஜீன்ஸ் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பக்கம் காயாது, நாற்றம் அடிக்கும். காட்டன் டுவில், அதாவது சாய்கோடாக நெய்த துணியில் லூஸ் பேன்ட்டோ, பக்கவாட்டில் பாக்கெட் வைத்த கார்கோவோ எடுங்கள். ஜிப்பும் பட்டனும் இரும்பா என்று பார்க்க, ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டு போங்கள். ஒட்டினால் இரும்பு. மேலே என்ன முலாம் பூசியிருந்தாலும் நம் காற்றில் துரு ஏறி, துணியில் பழுப்புக் கறை விடும். பித்தளை ஜிப்போ பிளாஸ்டிக் ஜிப்போ போதும். நீளம் கூட இருந்தால் மடித்து விடாதீர்கள், டெய்லரிடம் வெட்டித் தைத்து வாங்குங்கள்.

ஷூ விஷயத்தில்தான் நம் ஊர்ப் பையன்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பியு சோல், அதாவது பாலியூரித்தேன், காற்றில் இருக்கிற ஈரத்திலேயே உள்ளுக்குள் மெதுவாகச் சிதையும். போடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்தாலும் சிதையும். ஒருநாள் கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டால் நடக்க நடக்கக் கேக் மாதிரி உதிரும். “புது ஷூ அண்ணே, ரெண்டு தடவைதான் போட்டேன்” என்று எனக்கு வருகிற போட்டோக்களில் பாதி இந்தக் கதைதான். அதனால் ரப்பர் சோலோ, ஈவிஏ என்கிற லேசான நுரைச் சோலோ என்று கேட்டு வாங்குங்கள். மேலே கேன்வாஸ் இருக்கட்டும், ரெக்சின் மாதிரியான தோல் நம் ஈரத்தில் உரிந்துவிடும். தள்ளுபடியில் ஷூ வாங்கினால் பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மூன்று வருடம் குடோனில் கிடந்த பியு ஷூ பாதி விலைக்கு வந்தாலும் நஷ்டம்தான்.

எப்போது வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகு போகாவிட்டால் ஐஸுக்கும் வேலை குறைவு. அந்த நேரத்தில் கடன் சொல்லியோ தவணை போட்டோ துணி எடுக்காதீர்கள். ஜூன் நடுவில் கடல் திறக்கும், கையில் கொஞ்சம் காசு புரளும், ஜூலை நடுவில் ஆடித் தள்ளுபடி தொடங்கும். தீபாவளிச் சரக்கு இறக்க இடம் வேண்டும் என்பதால் கடைக்காரர்கள் அப்போது நிஜமாகவே பழையதைத் தள்ளுவார்கள். நமக்கு நாள்காட்டியே அமைத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. துணிக்கு அது சரி, ஷூவுக்கு மட்டும் நான் சொன்ன தேதியைப் பாருங்கள்.

மதுரையா ஆன்லைனா? மூவாயிரத்துக்காக நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போய் வருவது தனியாகப் போனால் கட்டாது. மூன்று, நாலு பேர் சேர்ந்து போனால் விளக்குத்தூண் பக்கமும் தெற்கு மாசி வீதியும் ஒரு பகலில் சுற்றலாம், மொத்தமாக எடுத்தால் விலையும் குறைப்பார்கள். ஒரே டிசைனில் நாலு பேரும் எடுத்துவிடாதீர்கள், கச்சேரிக்காரர்கள் மாதிரி இருக்கும். ஆன்லைனில் ஷூவும் பிளெய்ன் டி-சர்ட்டும் போடலாம், பேன்ட் வேண்டாம். உங்களுக்குச் சரியாக இருக்கிற ஒரு சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து, அந்த இஞ்சை வைத்து சைஸ் சார்ட் பாருங்கள். மாடல் போட்ட படத்தை விட்டுவிட்டு, வாங்கினவர்கள் போட்ட மங்கலான படத்தைப் பாருங்கள், நிறம் அதில்தான் உண்மையாக இருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான துணிக்கும் செருப்பு, ஷூவுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்தது, அதற்கு மேல் தனியாக வரி கேட்டால் கொடுக்காதீர்கள்.

கணக்கு போட்டுவிடுவோம். டி-சர்ட் இரண்டும் சேர்த்து ஐந்நூற்றைம்பது. கைலிச் சட்டை எழுநூற்றைம்பது. பேன்ட் வெட்டித் தைக்கிற கூலியோடு எண்ணூறு. கேன்வாஸ் ஷூ அறுநூறு. மிச்சம் முந்நூறு இருக்கிறது, அதில் கண்ணாடி வாங்குவீர்கள், தெரியும்.

அந்தக் கண்ணாடியை நடைபாதையில் வாங்காதீர்கள். யுவி தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி போட்டால் இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும், புற ஊதாக் கதிர் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போகும். அதற்கு வெறும் கண்ணே மேல். “யுவி 400” ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். ஆப்டிகல்ஸ் கடையில் சோதிக்கிற கருவி இருந்தால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடல் பக்கம் போகிறவர்களுக்கு போலரைஸ்டு நல்லது, தண்ணீரில் அடிக்கிற கூசலைக் குறைக்கும். அது நிஜமா என்று பார்க்க, கடையில் இருக்கிற எல்சிடி திரையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துப் போனால் நிஜம். முந்நூறில் வராது தம்பி, கண்ணாடியை அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளி வையுங்கள்.