அறுபது படிக்கு ஒரு திண்ணை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பேரூராட்சி மன்ற உறுப்பினர்களே, பணி முடிந்த களைப்போடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே, மைக்செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கமுங்க. பொன்னாடைக்குப் பதிலாகச் சென்னிமலைப் பெட்ஷீட் போர்த்தினீர்கள். கூடாரத்தில் விரிக்க ஆகும். நன்றி.

நெடுநாள் நோயில் கிடந்து தேறுகிறவர்கள் மலை ஏறலாமா, வெளியில் கூடாரம் போட்டுத் தங்கலாமா? மருத்துவர் சம்மதித்தால் தாராளமாக. நடை, மருந்து, படுக்கை என்று மூன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். மூன்றுக்கும் தலைப்பு ஒன்றுதான்: பதறாத காரியம் சிதறாது.

முதலில் கீழ்பவானி வாய்க்கால் கரை. சமதளத்தில் பத்து நிமிடம் போதும். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். பாதியில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. உடம்பு திணறும், எண் சாதுவாக நிற்கும். நடந்ததற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டே நேரத்தைக் கூட்ட வேண்டும். நடந்த மறுநாள் படுக்கையோடு ஒட்டிக்கொள்கிற நாட்பட்ட களைப்பு நோய்க்காரர்களுக்கு வாராவாரம் கூட்டும் கணக்கே ஆகாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பும் 2021 வழிகாட்டுதலில் அந்த முறையைக் கைவிட்டது.

எந்த மலை என்பதும் முக்கியம். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. அங்கே இறக்கம் முதலில் வரும், ஏற்றம் கடைசியில் வரும். தெம்பாக இறங்கிவிட்டுக் கால் ஓய்ந்தபின் ஏற வேண்டும். தேறுகிறவர்களுக்கு அது தலைகீழ்க் கணக்கு. வெள்ளியங்கிரி பிப்ரவரி முதல் மே வரை திறக்கிறார்கள். இதய நோய்க்காரர்கள் ஏற வேண்டாமென்று வனத்துறை சொல்வது சடங்குக்காக அல்ல. வழியில் மயங்கி இறந்தவர்கள் செய்தி வந்தபடிதான் இருக்கிறது.

நம் சென்னிமலைக்கு 1,320 படி. இங்கே ஒரு கதை சொல்வார்கள். பைபாஸ் செய்து ஒரு வருடமான மாமனும், ஜிம்முக்குப் போகும் மாப்பிள்ளையும் ஏறினார்களாம். "ஏனுங் மாமா, இப்பிடி உக்காந்துட்டே வந்தா பொழுது உளுந்துரும், நான் முன்னால போறேனுங்" என்று மாப்பிள்ளை ரெண்டு ரெண்டு படியாகத் தாவினாராம். மாமன் அறுபது படி ஏறினார், உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஆத்தாவிடம் எந்த ஊர், மழை உண்டா, மஞ்சள் என்ன விலை என்று விசாரித்தார். அடுத்த அறுபது. பின்னாலே அபிஷேகத் தண்ணீர் சுமந்து வந்த பொதிகாளை அவரைத் தாண்டிப் போனது. "போ சாமி, நீ முன்னால போ" என்று வழிவிட்டார். எண்ணூறாவது படிப் பக்கம் போனால், மாப்பிள்ளை விலாவைப் பிடித்தபடி, தின்ற பொங்கலையெல்லாம் கக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்! மாமன் மெதுவாகத் துண்டை விரித்து அருகே உட்கார்ந்து கேட்டாராம்: "ஏனுங் மாப்ள, கோயலு எங்கயாச்சும் ஓடிப்போகுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

சிரிக்கிறீர்கள். பதறாத காரியம் சிதறாதுங்க.

மருந்துக்கு வருகிறேன். இன்சுலின் போடுகிறவர்கள் நடக்கும்போது மட்டுமல்ல, அன்று ராத்திரியும் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட நடைக்குப்பின் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும்; படுக்குமுன் பரிசோதியுங்கள். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்சுலினை ஐஸ்கட்டிமேல் வைக்காதீர்கள், உறைந்தால் வீண். பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் ஏறக் கூடாது. மத்தியானப் படிக்கல் கொப்புளம் போட்டாலும் தெரியாது. இளநீர் எல்லோருக்கும் அமிர்தம் என்று நினைக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும். பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

படுக்கை. முதல் ராத்திரியே காட்டில் வேண்டாம். வனத்துறை அனுமதியில்லாமல் தங்கவும் முடியாது. தோட்டத்துச் சாளை வாசலில் கூடாரம் போட்டுப் பாருங்கள். தார்ப்பாயை அடியில் போட்டு, மேலே பவானி ஜமக்காளம். மாற்றிப் போட்டால் ஈரம் முழுக்க ஜமக்காளத்துக்கு. எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், ரத்த அழுத்த மாத்திரை தலையைச் சுற்ற வைக்கும். இன்னும் நிறைய உண்டு, ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

படிக்கட்டோரம் திண்ணை வேண்டும். சுமை சுமந்தவனுக்குச் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர்கள் நம்முடையவை, நோயும் சுமைதானே? தரையில் உட்கார்ந்தால் எழுவதற்குள் மறுபடி மூச்சு வாங்கும். அதனால் ஒன்றரை அடி உயரம், ஒரு பக்கமாவது கைப்பிடி, மேலே நிழல். அறுபது படிக்கு ஒன்று என்றால் 22. உச்சிக்கு வேண்டாம், 21 போதும். பத்துப் படிக்கு ஒருமுறை படி எண்ணைப் பெயிண்டில் எழுத வேண்டும். ஒருவர் சாய்ந்துவிட்டால் 108-க்குப் பேசுகிறவர் "மண்டபம் தாண்டி, மரத்துக்குப் பக்கத்தில்" என்று தடுமாறாமல் "740-ஆவது படி" என்று சொல்லலாம். பெயிண்ட் செலவுதானுங்க.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேரூராட்சி உறுப்பினர்கள் முதலில் கையெழுத்திட்டுத் தொடங்கி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். பேனா இரண்டு வைத்திருக்கிறோம். வரிசையில் மெதுவாக வரலாம், நாற்காலியும் போட்டிருக்கிறோம்.