கார்டில் வந்த சிப்பாய்

மக்களே, எல்லாருக்கும் வணக்கம். தக்கலையில் இருந்து இங்கே வரும் வழியெல்லாம் மழை, அதனால் கொஞ்சம் பிந்திவிட்டது. தபால் சார்ட்டிங்கில் வேலை பார்த்தவன் என்பதால் தபால் கதை சொல்வான் என்று கூப்பிட்டிருப்பீர்கள். நான் சொல்லப் போவது ஒரு அமெரிக்க நடிகரைப் பற்றி, ஆனால் அதிலும் தபால் உண்டு.

ஹம்ஃப்ரி போகார்ட். 1899இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1942இல் வந்த 'காசாபிளாங்கா' படத்தில் அவர் அறிமுகமாகிற இடத்தைப் பாருங்கள். பாட்டும் கூட்டமுமாக ஒரு விடுதி, அதில் இவருக்குத் தனி மேஜை, முன்னால் சதுரங்கப் பலகை, எதிரே ஆள் கிடையாது. பலருக்கு அது சினிமாவுக்காக வைத்த காட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் கார்டுக்கு ஒரு நகர்த்தல் என்று எழுதி அனுப்பி, தபாலில் சதுரங்கம் ஆடுகிறவர் வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் ஒருநாள் சார்ட்டிங்கில் 15 பைசா கார்டு ஒன்று கைக்கு வந்தது. நலம், நலமறிய ஆவல் எதுவும் இல்லை. தேதி இரண்டு, அப்புறம் 5254 என்று ஓர் எண், அவ்வளவுதான். குழித்துறைப் பக்கம் ஒரு வாத்தியாருக்குப் போக வேண்டிய கார்டு. மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்விட்டேன். திண்ணையில் ஒரு கடவத்தை, அதுதான் பெரிய ஓலைக் கூடையை, கவிழ்த்து வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார், உள்ளே பலகை, காய்கள் பாதி ஆட்டத்தில் நிற்கின்றன. கோழி தட்டிவிடக் கூடாதே என்றுதான் கடவம்! "தம்பி, ஐந்தாவது நெடுக்கு வரிசையில் இரண்டாம் கட்டத்தில் இருந்து நாலாம் கட்டத்துக்கு. ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாய் இரண்டு கட்டம் போகிறான்" என்றார். எழுத்தே வேண்டாம், ரஷ்யாக்காரரும் நம்ம ஆளும் ஒரே மாதிரி படிக்கலாம். கார்டு வந்த தேதி, பதில் போட்ட தேதி இரண்டையும் எழுத வேண்டும். யோசிக்கிற நாள் மட்டும்தான் கணக்கு, வழியில் போகிற நாள் யார் தலையிலும் ஏறாது. கார்டு போய்ப் பதில் வர இரண்டு வாரம் என்றால், நாற்பது நகர்த்தலுக்கு ஒன்றரை வருஷம் ஆகிவிடும்.

போகார்ட் இதைத்தான் ஆசையாக ஆடினார். முப்பதுகளில், கையில் காசில்லாத நாளில், நியூயார்க்கில் பந்தயம் வைத்து ஆடியவர். பெரிய நட்சத்திரம் ஆன பிறகும் பலகையை விடவில்லை, முகம் தெரியாத ஆட்களோடு தபாலில் ஆடிக்கொண்டே இருந்தார். அது யுத்த காலம் வேறு. அங்கே அப்போது இதே சிப்பாய் நகர்த்தலை பி-கே4 என்கிற மாதிரி எழுதுவார்கள், தபாலைப் பிரித்துப் பார்க்கிற தணிக்கைக்காரர் கண்ணுக்கு அது ஒற்றர் பாஷை. 1943இல் அமெரிக்கத் துப்பறியும் துறையான எஃப்.பி.ஐ. ஆட்கள் அவரிடமே வந்து விசாரித்ததாகச் சதுரங்கக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1945இல் அமெரிக்காவின் 'செஸ் ரிவ்யூ' பத்திரிகை அட்டையிலேயே அவர் படம் வந்தது.

அந்த மனுஷனுக்கு இதில் என்ன கிடைத்திருக்கும் என்று நிறைய யோசித்திருக்கிறேன். சினிமாவில் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு டேக் எடுக்கலாம். கார்டைப் பெட்டியில் போட்டால் போட்டதுதான். உள்ளே விழுந்ததை எடுத்துத் தரச் சொல்லி அழுதவர்களையே நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், உலகமே அவர் முகத்தைப் பார்த்து மயங்கிய நேரத்தில், எங்கோ ஒரு ஊரில் ஒருவர் அவருடைய நகர்த்தலை மட்டும் பார்த்து, இது நல்லது, இது தப்பு என்று தீர்ப்புச் சொல்கிறார். அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும் என்றே நம்புகிறேன்.

இது நம்ம ஊருக்கும் பொருத்தமான ஆட்டம். 1951 வரை திருவிதாங்கூருக்குச் சொந்தமாக அஞ்சல் இருந்தது, சலங்கை கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடிய மண் இது.

சரி, பிள்ளைகளே, ஆளுக்கொரு 50 பைசா கார்டு கொண்டு வந்திருக்கிறேன், என் விலாசம் எழுதியிருக்கிறது. வெள்ளைக் காய் எனக்கு. 5254. போங்க, பைய யோசித்துப் பதில் போடுங்க.