மேல்தோல்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் எங்கள் காப்பாரில் நிலக்கரி எரிக்கும் மின் நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் நுண்சாம்பலைச் சிமெண்டில் கலக்கலாம். அப்படிக் கலந்த சிமெண்டைக் கனடாவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் சோதித்தவன் நான். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவனுக்கு அங்கேதான் உறைபனி அறிமுகம்.

குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுவார்கள். பனி உருகிவிடும், ஆனால் கான்கிரீட்டின் மேல்தோல் செதில் செதிலாக உரியும். உப்பு கூடக் கூடச் சேதமும் கூடும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. 3, 4 விழுக்காட்டுக் கரைசல்தான் மிக மோசம். நம் ஜெராம் கடல் தண்ணீரின் உவர்ப்பு ஏறக்குறைய அவ்வளவுதான்.

அப்போது நடப்பில் இருந்த, 2021-இல் திரும்பப் பெறப்பட்ட அமெரிக்கத் தரமுறை சி 672-இன்படி கான்கிரீட் பலகை வார்த்து, ஓரத்தில் கரை கட்டி, 4 விழுக்காடு கால்சியம் குளோரைடு கரைசலை 6 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தேக்குவோம். இரவு முழுக்கச் சுழிக்குக் கீழே 18 டிகிரி குளிரில் உறையும். மறுநாள் வெளியே எடுத்து இளக விடுவோம். இப்படி 50 முறை. அப்புறம் மேற்பரப்பைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பிடுவோம். 5 என்றால் ஜல்லி முழுக்க வெளியே தெரிகிறது என்று பொருள்.

சாம்பலோ இரும்பு உருக்கும்போது மிஞ்சும் உலைக்கசடோ நிறையக் கலந்த பலகைகள் இதில் அடிக்கடி தோற்றன. அதே மாதிரிக் கலவையில் போட்ட நடைபாதைகள் வெளியே பல குளிர்காலங்களைத் தாங்கி நின்றதும் உண்டு. இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

சாம்பல் கலந்த சிமெண்டு மெதுவாகத்தான் இறுகும். சோதனையில் 14 நாள் ஈரம், 14 நாள் காற்றில் உலர்த்தல், உடனே உப்பு. சாதாரண சிமெண்டுக்கு அது போதும், இதற்குப் போதாது. கான்கிரீட் இறுகத் தாமதமாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் வெகுநேரம் மேலே கசிந்துகொண்டே இருக்கும். கொத்தனார் அதற்குள் கரணை போட்டுத் தேய்த்துவிட்டால், அந்தத் தண்ணீர் மேல்தோலிலேயே சிக்கி அதைப் பலவீனமாக்கிவிடும். இன்னொன்றும் உண்டு. உறையும் தண்ணீர் பருமனில் 9 விழுக்காடு பெருகும். அதற்கு இடம் கொடுக்கக் கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகள் வேண்டும். சாம்பலில் எரியாத கரி மிஞ்சியிருந்தால், குமிழி உண்டாக்கும் மருந்தை அது உறிஞ்சிவிடும்.

சோதனையே தவறு என்று நான் சொல்லமாட்டேன். அது சிமெண்டை மட்டும் சோதிக்கவில்லை, கொத்தனாரின் கையையும் சேர்த்துச் சோதிக்கிறது. தோற்ற பலகையைப் பார்த்துச் சாம்பலை மட்டும் பழித்தால் பாதிக் காரணத்தை விட்டுவிடுகிறோம்.

இங்கே உறைபனி இல்லை. ஆனாலும் மேல்தோல் மேல்தோல்தான். பக்கத்து வீட்டு அக்கா சாம்பல் கலந்த சிமெண்டில் முற்றம் போட்டு, ஈரச் சாக்கால் மூடியிருந்தார். மூன்றாம் நாளே, "சாக்க எடுத்துடலாமா தம்பி?" என்று கேட்டார். "இன்னும் நாலு நாள் போகட்டுங்கா" என்று சொல்லி, காலையும் மாலையும் நானே போய்த் தண்ணீர் ஊற்றினேன்.