முறிந்த போல்ட்டை வெளியே எடுப்பது

வணக்கம் நேயர்களே. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். தண்ணீர் கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்கு வருவதற்குள், கோடை முழுக்கக் கொட்டகையில் கிடந்த பவர் டில்லரையும் ரோட்டவேட்டரையும் தயார் செய்யணும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் ஸ்பேனரைத் தூக்குவார்கள், பட்டறைக்கு முறிந்த போல்ட்டுகள் வந்து குவிவதும் அப்போதுதான்.

துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். மரைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன இடைவெளியில் அது ஆப்பு மாதிரி இறங்கிவிடுகிறது. போன வருஷத் தொழிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால், அதோடு வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்தால், கேட்கவே வேண்டாம். அதனால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சாயங்காலமே எண்ணெய் விட்டு வையுங்கள், காலையில் பார்க்கலாம். மண்ணெண்ணெய், டீசல் ஓரளவுக்கு உதவும். டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தது இன்னும் நன்றாக உள்ளே இறங்கும், ஆனால் இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும், குலுக்கிக் குலுக்கி விடணும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடிகூட வேண்டாம்.

அப்புறம் போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, முதலில் இறுக்குகிற பக்கம் துளி அசைத்துவிட்டுக் கழற்றுங்கள், கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம். ஸ்பேனர் சுற்றுகிறது, ஆனால் கைக்கு ரப்பர் மாதிரி தெரிகிறது என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். கழல்வது மரையில்லை, போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் கால் சுற்றில் அறுந்துவிடும்.

அந்த இடத்தில் தேவை சூடு. போல்ட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள நட்டைச் சூடாக்கணும், நட் விரிந்தால்தான் பிடி தளரும். சூட்டோடு மெழுகுவத்தியை மரையில் வைத்தால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் ஊற்றிய இடத்தை நன்றாகத் துடைக்காமல், டீசல் டேங்கைத் தள்ளி வைக்காமல் தீயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கியர் பெட்டி அலுமினியமாக இருந்தால் ரொம்ப நிதானம் வேண்டும். இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் நிறமே மாறாமல் 660 டிகிரிக்குள்ளேயே உருகி உட்கார்ந்துவிடும்.

சரி, முறிந்தே போய்விட்டது. கடையில் ஈசி அவுட், அதாவது முறிந்த போல்ட்டில் துளைபோட்டு உள்ளே முறுக்கிக் கழற்றுகிற கருவி, வாங்கி வந்து முறுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. கடினமான எஃகு அது, உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடவே தொடாது, அப்புறம் வேலை ரெண்டாகிவிடும். முறிந்த தண்டின்மேல் ஒரு நட்டை வைத்து ஓட்டைக்குள் வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். பிடிக்க ஒரு தலையும் கிடைக்கும், சூடும் போல்ட்டுக்குள்ளேயே இறங்கும், ஆறிய பிறகு பெரும்பாலும் அசைந்துகொடுக்கும். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் பெட்டிக்கும் பயமில்லை. முதல் தடவை நட் பிய்த்துக்கொண்டு வந்தால் மறுபடி வையுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் துளைக்கத்தான் வேண்டும். பட்டையாக ராவி, சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் தொடங்குங்கள். இடப்பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் துளைக்கும்போதே போல்ட் கழன்று வந்துவிடுவதும் உண்டு. பத்து எம்எம் சாதாரண மரைக்கு 8.5 எம்எம் வரை துளைத்து, மரை வெட்டுகிற டேப் ஓட்டணும். நடு தவறினால் பழைய மரையே போய்விடும், அதனால் துளைப்பதை லேத் பட்டறைக்காரரிடம் விடுவது நல்லது.

புது போல்ட்டில் கிரீஸ் தடவுங்கள். தடவிய போல்ட் அதே பலத்துக்கு அதிகமாக இறுகும், கொஞ்சம் குறைத்தே முறுக்குங்கள்.