நான்கெல்லை எழுதாத கிரையம்

நேயர்களுக்கு வணக்கம்.

நிலம் வாங்கப் போகிறவர் மூன்று காரியம் பார்ப்பார். விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா, நிலம் அவர் அனுபவத்தில் இருக்கிறதா, பத்திரத்தில் நான்கெல்லை சரியாக எழுதியிருக்கிறதா. 1803-ல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்து கிடந்த லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை வாங்கியபோது மூன்றிலுமே வில்லங்கம் இருந்தது. ஆனாலும் கிரையம் நிலைத்தது. சுதந்திரப் பிரகடனம் செய்து 27 ஆண்டுகளே ஆன நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

அன்று அமெரிக்காவின் மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறு. கென்டக்கி, டென்னசி, ஒகையோ பகுதி விவசாயிகள் மலை தாண்டி வண்டியில் சரக்கு அனுப்பினால் கூலிக்கே கட்டாது. அதனால் மாவு, புகையிலை, உப்பிட்ட பன்றியிறைச்சி எல்லாவற்றையும் தட்டைப் படகில் ஏற்றி, நீரோட்டத்தோடு, அப்போது ஸ்பெயின் வசமிருந்த நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் வரை கொண்டுபோவார்கள். அந்தப் படகை எதிர்நீரில் ஓட்டி வர முடியாது. அங்கேயே பிரித்துப் பலகையாக விற்றுவிட்டு ஊர் திரும்புவார்கள். கப்பல் வரும்வரை சரக்கை அங்கே இறக்கிவைக்க 1795-ல் ஸ்பெயின் உரிமை கொடுத்திருந்தது. 1802 அக்டோபரில் அங்கிருந்த ஸ்பானிய அதிகாரி அதை ரத்து செய்தார். போதாக்குறைக்கு, 1800-லேயே ரகசிய ஒப்பந்தம் போட்டு ஸ்பெயின் லூசியானாவை நெப்போலியனுக்குத் திருப்பித் தர இசைந்திருந்த செய்தியும் கசிந்திருந்தது.

ஜனாதிபதி ஜெஃபர்சன் கேட்டது நியூ ஆர்லியன்சையும் புளோரிடாவையும்தான். பாரிசில் இருந்த தூதர் லிவிங்ஸ்டனுக்குத் துணையாக மன்ரோவை அனுப்பினார். மன்ரோ பாரிஸ் வந்து சேர்வதற்கு முந்தின நாள், ஏப்ரல் 11 அன்று, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலேரான் லிவிங்ஸ்டனிடம், லூசியானா முழுவதற்கும் என்ன தருவீர்கள் என்று கேட்டார்.

நெப்போலியன் மனம் மாறியதற்குக் காரணம் கரீபியன் கடலில் இருக்கிறது. இதை நாம் போதிய அளவு பேசுவதே இல்லை. இன்று ஹெய்டி என்று அழைக்கப்படும் செயின்ட் டொமிங், பிரான்சுக்குச் சர்க்கரையும் காப்பியும் கொட்டிக்கொடுத்த தீவுக் குடியேற்றம். அதற்குத் தானியமும் மரமும் அனுப்பும் பின்னிலமாகத்தான் லூசியானாவை அவர் நினைத்திருந்தார். செயின்ட் டொமிங்கில் 1791-ல் கிளர்ந்தெழுந்த அடிமைகளை அடக்கத் தன் மைத்துனர் லெக்லெர்க்கைப் பெரும்படையோடு அனுப்பினார். அந்த மக்களின் எதிர்ப்பும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து படையை அழித்தன, லெக்லெர்க்கும் மாண்டார். வஞ்சகமாகப் பிடித்துச் செல்லப்பட்ட தலைவர் தூசான் லூவர்ச்சூர், பிரெஞ்சு மலைக்கோட்டைச் சிறையில் 1803 ஏப்ரல் 7 அன்று இறந்தார். தாலேரான் விலை கேட்டது அதற்கு நான்காம் நாள்! தீவு கைநழுவுகிறது, இங்கிலாந்தோடு மீண்டும் போர் வரப்போகிறது, பணம் வேண்டும். பிறகு லூசியானா எதற்கு? அடிமைத்தளையை உடைத்த மக்களின் போராட்டத்தால் கைமாறிய அதே மண்ணில், பின்னர் கரும்புக்கும் பருத்திக்கும் அடிமைகளையே பூட்டினார்கள். எனக்கு இது ஆறவே ஆறாத விஷயம்.

ஏப்ரல் 30 தேதியிட்ட ஒப்பந்தப்படி மொத்த விலை ஒன்றரைக் கோடி டாலர். பரப்பு ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர். ஏக்கருக்கு மூன்று சென்ட் அளவில்தான் வந்தது. கையில் ரொக்கம் இல்லாததால் ஆறு சதவீத வட்டிக் கடன் பத்திரம் கொடுத்தார்கள். அவற்றைப் பணமாக்கியதில் லண்டன் பேரிங் வங்கிக்கும் பங்குண்டு. இங்கிலாந்தோடு போரிடப்போகிறவருக்கு இங்கிலாந்து வங்கியின் வழியாகவே பணம் போனது.

வேறொருவருக்கு விற்க மாட்டோம் என்று ஸ்பெயினுக்கு பிரான்ஸ் வாக்குக் கொடுத்திருந்தது. நிர்வாகமோ இன்னும் ஸ்பெயின் கையில்தான். எல்லை என்ன என்று லிவிங்ஸ்டன் கேட்டதற்கும் தாலேரான் பிடிகொடுக்கவில்லை. நல்ல பேரம், உங்களுக்குச் சாதகமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பாவனையில் பேசி முடித்தார். நிலம் வாங்க அரசியல் சட்டத்தில் இடமில்லையே என்று ஜெஃபர்சனும் தயங்கினார். ஆனால் செனட் 24-க்கு 7 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது.

ஓசேஜ், பானி, மண்டான், சூ என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமெரிக்கா உண்மையில் வாங்கியது, வேறு ஐரோப்பிய அரசு போட்டிக்கு வராமல் அவர்களிடமிருந்து நிலத்தைப் பெறும் வாய்ப்பை மட்டுமே. அந்த வாய்ப்பை ஒப்பந்தத்தாலும் துப்பாக்கியாலும் பயன்படுத்தினார்கள். அந்தப் பரப்புக்குள் இருக்கும் கருங்குன்றுகள் (பிளாக் ஹில்ஸ்) சூ மக்களுக்கே உரியவை என்று 1868-ல் எழுதிக்கொடுத்தார்கள், 1874-ல் தங்கம் கண்டார்கள், 1877-ல் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஈடாக 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கவேண்டும் என்ற தீர்ப்பை 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எங்கள் மலை விற்பனைக்கு இல்லை என்று சூ மக்கள் அதைத் தொடவில்லை. அரசுக் கணக்கில் வட்டியோடு அது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இன்னும் வாங்க மறுக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.